டிடிபி கடை கம்ப்யூட்டரில் பல வருட ஃபைல்கள்: ஃபோல்டரை எப்படிப் பிரிப்பது?

கரிசல்மண்

வணக்கம். கோவில்பட்டி பக்கம் ஒரு டிடிபி கடை, அதாவது கம்ப்யூட்டரில் டைப் செய்து டிசைன் போட்டு அச்சுக்குத் தரும் கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, சடங்கு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஃபிளெக்ஸ், பில் புக், கோயில் கொடை நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் என்று எது வந்தாலும் செய்வோம். பக்கத்திலேயே ஜெராக்ஸும் ஸ்கேனரும் ஓடுகிறது. டிசைனுக்கு ஒரு தங்கச்சி வருகிறது, நானும் உட்காருவேன்.

டி டிரைவில் கோரல், பேஜ்மேக்கர் (இரண்டும் டிசைன் செய்யும் மென்பொருள்), போட்டோ, பிடிஎஃப், வாட்ஸ்அப் என்று ஐந்து ஃபோல்டர் இருக்கின்றன. கடையை முன்பு நடத்தியவர் போட்டுவைத்தது, அப்படியே வளர்ந்துவிட்டது. கோரலுக்குள் போனால் "கல்யாணம் புதுசு", "கல்யாணம் கடைசி", "கல்யாணம் கடைசி 2", "கல்யாணம் ஓகே", "மாமா பத்திரிகை ஓகே கர்வ்" என்று போய்க்கொண்டே இருக்கும். பார்ட்டி வந்து "போன தையில எங்க அண்ணன் கல்யாணத்துக்கு அடிச்சீங்களே, அதே டிசைன்ல தங்கச்சிக்கு வேணும்" என்று கேட்டால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் எதிரே நின்றுகொண்டு பார்ப்பார். சில சமயம் புதிதாகச் செய்துவிடுவதே சீக்கிரம் என்று ஆகிவிடுகிறது. இதைவிட, கரெக்ஷன் முடியாத ஃபைல் அச்சுப் பிளேட்டுக்குப் போய்விடுமோ என்ற பயம் எப்போதும் இருக்கிறது.

பார்ட்டி பெயரில் பிரிப்பதா, வருடத்தில் பிரிப்பதா, வேலை வகையிலா? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

தேடல்போதும்

நண்பரே, ஃபோல்டர் பிரிக்கிற வேலையே வேண்டாம். எவ்ரிதிங் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, போட்டுப் பாருங்கள். விண்டோஸின் வழக்கமான என்.டி.எஃப்.எஸ் ஃபார்மட்டில் இருக்கும் டிரைவில் எல்லா ஃபைல் பெயர்களையும் எழுதிவைத்திருக்கும் அட்டவணையை நேராகப் படித்துவிடுவதால் லட்சக்கணக்கான ஃபைல் இருந்தாலும் அடிக்க அடிக்க வந்து நிற்கும். விண்டோஸில் இருக்கும் தேடலை வைத்து முடிவு பண்ணாதீர்கள், அது வழக்கமாக டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மாதிரி சில இடங்களை மட்டும்தான் முன்கூட்டியே பட்டியல் போட்டுவைக்கும். உங்கள் டி டிரைவ் அதில் இருக்காது, அதனால்தான் தேடினால் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டு அடுக்குவது, தேடும் வசதி இல்லாத காலத்து வழி. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுத் தேடி எடுங்கள். நான் அலுவலகத்தில் அப்படித்தான் செய்கிறேன்.

வைகைக்கரை

தம்பி கரிசல்மண், நான் மதுரையில் பிரஸ்ஸும் டிடிபியும் பார்த்தவன், இப்போது மகன் பார்க்கிறான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேடல்போதும் சொன்னதற்கு. எவ்ரிதிங் நல்ல சாமான்தான், நாங்களும் வைத்திருக்கிறோம். ஆனால் அது பெயரை வைத்துத்தான் தேடும். "கல்யாணம் கடைசி 2" என்ற பெயரில் மாப்பிள்ளை பெயர் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. அடித்தால் நானூறு கல்யாணம் வந்து நிற்கும். பெயருக்குள் எதையும் வைக்காமல் தேடலை நம்புவதில் பயனில்லை.

உங்கள் கடையில் சிக்கல் ஆரம்பிப்பது வேறு இடத்தில். மென்பொருளை வைத்துப் பிரித்திருக்கிறீர்கள். ஒரு கல்யாணப் பத்திரிகை என்றால் கோரல் ஃபைல் ஓரிடம், பொண்ணு மாப்பிள்ளை போட்டோ ஓரிடம், ப்ரூஃப் பிடிஎஃப் ஓரிடம், பார்ட்டி அனுப்பிய மேட்டர் வாட்ஸ்அப் ஃபோல்டரில். ஒரே வேலையின் நாலு துண்டு நாலு இடத்தில் கிடக்கிறது, அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் கயிறு உங்கள் ஞாபகம் மட்டும்தான். கவுண்டருக்கு வருகிற யாரும் "அந்த கோரல் ஃபைலை எடுங்க" என்று கேட்க மாட்டார்கள். "அண்ணன் கல்யாணம்", "போன வருஷக் கொடை நோட்டீஸ்" என்று வேலையைத்தான் கேட்பார்கள். அதனால் ஒரு வேலைக்கு ஒரு ஃபோல்டர். அந்த வேலை சம்பந்தப்பட்ட எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும், லோகோவாக இருந்தாலும் சரி, ஸ்கேன் செய்த பழைய பத்திரிகையாக இருந்தாலும் சரி.

அந்த ஃபோல்டருக்குள் எங்கள் ஏற்பாடு: "எழுத்து" என்று ஒன்று, "பிரஸ்" என்று ஒன்று. இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது ஃபாண்ட் மாறிவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் கர்வ் ஆக்கி, அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்புகிறோம் அல்லவா, அப்படிக் கர்வ் ஆனதில் அப்புறம் ஓர் எழுத்துகூடத் திருத்த முடியாது. கர்வ் ஆக்கிய ஃபைலை அதே பெயரில் சேமித்துவிட்டால் அந்த வேலை அதோடு முடிந்தது, அடுத்த வருடம் தேதி மாற்றக்கூட முதலிலிருந்து அடிக்க வேண்டும். திருத்தக்கூடியது "எழுத்து" ஃபோல்டரில், கர்வ் ஆனதும் பிடிஎஃப்பும் "பிரஸ்" ஃபோல்டரில். பிளேட்டுக்கு எது போகிறது என்று யாரும் யோசிக்கவே தேவையில்லை, பிரஸ் ஃபோல்டரில் இருப்பதுதான் போகும். கரெக்ஷன் வந்தால் பிரஸ்ஸில் இருப்பதை முதலில் அழித்துவிட்டு, எழுத்தில் திருத்தி, புதிதாகக் கர்வ் எடுத்துப் போடுங்கள். ஓகே, கடைசி, கடைசி 2 என்ற பெயர்களெல்லாம் தானாகவே ஒழிந்துவிடும்.

கரிசல்மண்

அண்ணே, ரொம்ப நன்றி. இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்போ இன்றைக்கே போட்டோ ஃபோல்டரில் இருப்பதை எல்லாம் எடுத்து அந்தந்த வேலைக்குள் போட்டுவிடலாமா?

வைகைக்கரை

வேண்டாம், வேண்டாம். பழையதில் இப்போது கைவைக்காதீர்கள்.

பேஜ்மேக்கரில் பெரிய படங்கள் ஃபைலுக்குள் இருக்காது. எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் உள்ளே இருக்கும். டி டிரைவில் போட்டோ ஃபோல்டரில் என்று எழுதிவைத்திருப்பதை நீங்கள் இழுத்து வேறு இடத்தில் போட்டால் லிங்க் அறுந்துவிடும். திரையில் படம் இருப்பது போலவே தெரியும், அது வெறும் மாதிரிப்படம். அச்சில் கட்டம் கட்டமாக வரும். பள்ளி மலர் மாதிரி நூறு பக்க வேலையில் இது நடந்தால் ஒவ்வொரு படமாக மறுபடி காட்டிக்கொடுக்க வேண்டும். கோரலில் பெரும்பாலும் படம் உள்ளேயே வந்துவிடும், ஆனால் லிங்க்காகவும் போட வழி இருக்கிறது, டிசைனர் எப்படிப் போட்டார் என்று பார்க்காமல் நகர்த்தக் கூடாது.

டி டிரைவில் இருக்கும் ஐந்து ஃபோல்டரையும் இருந்த இடத்திலேயே விடுங்கள். புதிய வேலைகளுக்கு மட்டும் புதிய அமைப்பு. பழைய பார்ட்டி யாராவது திரும்பி வந்தால், அந்த ஒரு வேலையை மட்டும் திறந்து, படங்களைச் சரிபார்த்து, புதிய ஃபோல்டரில் சேமியுங்கள். திரும்பி வராத வேலையை அடுக்கிவைப்பதில் யாருக்கும் லாபமில்லை.

பேஜ்மேக்கர் 7தான் கடைசிப் பதிப்பு, 2001இல் வந்தது. அதற்கு அடுத்து வந்த மென்பொருளான இன்டிசைனில் சி.எஸ்.6 பதிப்பு வரைதான் அந்த ஃபைல்களைத் திறக்கும். அதனால் திரும்பத் திரும்ப வரும் வேலைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்வது நல்லது. மாற்றும்போதே பிடிஎஃப்பும் ஒன்று எடுத்து வைத்துவிடுங்கள், மென்பொருள் போனாலும் பார்த்து அடிக்கவாவது இருக்கும்.

சிவகாசி_ஆஃப்செட்

வைகைக்கரை அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். எங்களிடம் எல்லா வேலைக்கும் ஜாப் நம்பர் உண்டு. ஃபோல்டர் பெயர் அந்த நம்பர் மட்டும்தான். பில்லிலும் அதே நம்பர், பிளேட் கவரிலும் அதே நம்பர், லெட்ஜரிலும் அதேதான். பெயர் எழுதினால் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள், முருகன் ஸ்டோர்ஸ், முருகன் ஸ்டோர், ஸ்ரீமுருகன் என்று மூன்றாகிவிடும். நம்பர் மாறாது.

கரிசல்மண்

அண்ணே, உங்கள் பிரஸ்ஸுக்கு அது சரிதான், உங்களுக்கு வேலை தருபவர்கள் எங்களைப் போன்ற கடைக்காரர்கள். எங்களிடம் வருகிறவர்கள் பில்லை வீட்டில்கூட வைத்திருக்க மாட்டார்கள். பாதிப் பேருக்கு நாங்கள் பில்லே போடுவதில்லை, நோட்டில் எழுதி அட்வான்ஸ் வாங்குவதோடு சரி.

சிவகாசி_ஆஃப்செட்

அதுவும் சரிதான். ஆனால் நோட்டில் வரிசை எண் போட ஆரம்பியுங்கள், பிற்பாடு உதவும்.

வைகைக்கரை

நம்பர் உள்ளே வேலை செய்பவர்களுக்கு, பெயர் கவுண்டருக்கு. தம்பியின் கடைக்குக் கவுண்டர்தான் முக்கியம். பார்ட்டி எதை மறக்க மாட்டார் என்று யோசித்துப் பாருங்கள். பத்திரிகை எந்த நாளில் அடித்தோம் என்பது அவருக்கு ஞாபகம் இருக்காது. கல்யாணத் தேதியை மறக்க மாட்டார். அதனால் விசேஷ வேலைகளில் ஃபோல்டர் பெயரின் ஆரம்பத்தில் விசேஷத் தேதியைப் போடுகிறோம், நாம் வேலை எடுத்த தேதியை அல்ல. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில்: "2025-01-31 திருமணம் எட்டயபுரம்", அதன் பின்னால் மணமக்கள் பெயர், அப்புறம் பார்ட்டி செல் நம்பரின் கடைசி நாலு எண். செல் நம்பர் மாறாமல் வருகிறவர்களே அதிகம், கேட்டவுடன் சொல்லிவிடுவார்கள். அதே வீட்டுக்காரர்கள் ஐந்து வருடம் கழித்து வளைகாப்புக்கு வந்தாலும் அந்த நாலு எண்ணை அடித்தால் பழைய வேலையும் சேர்ந்து வரும்.

நாள், மாதம், வருடம் என்று நாம் பேச்சில் சொல்கிற வரிசையில் எழுதினால் எல்லா வருடத்து 31ஆம் தேதிகளும் ஒரே இடத்தில் குவியும். வருடத்தை முன்னால் போட்டால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். 1988இல் வந்த ஐ.எஸ்.ஓ 8601 தரமும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது. சாய்கோடு போட முடியாது, விண்டோஸ் ஃபைல் பெயரில் அதை ஏற்காது, அதனால் சின்னக் கோடு. ஒற்றை இலக்க மாதத்துக்கு முன்னால் சுழியம் கட்டாயம்.

நிரந்தர பார்ட்டிகள் வேறு மாதிரி. ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம், கோயில் கமிட்டி, சங்கங்கள் எல்லாம் வருடா வருடம் வருபவர்கள். இவர்களுக்கு மட்டும் பெயரில் ஃபோல்டர் போட்டு, அதற்குள் வருடம். லோகோ, லெட்டர்ஹெட், தலைவர் போட்டோ மாதிரித் திரும்பத் திரும்பத் தேவைப்படுவதை அந்த பார்ட்டி ஃபோல்டரின் தலையிலேயே வைத்துவிடலாம், ஆனால் மலர் மாதிரிப் பெரிய வேலை என்றால் அந்த வேலைக்குள்ளும் ஒரு நகல் இருக்கட்டும்.

ஆக மேலே மூன்றே மூன்று: "விசேஷம்", "நிரந்தர பார்ட்டி", "சில்லறை வேலை". அதற்குக் கீழே இரண்டு படிக்கு மேல் இறங்காதீர்கள். அச்சுக் கோத்த காலத்தில் க, த, ன் மாதிரி அடிக்கடி வருகிற எழுத்துகளைக் கைக்கு எட்டும் குழியில் வைத்திருப்போம், அதே கணக்குதான். தினமும் தொடுவது இரண்டு கிளிக்கில் வர வேண்டும்.

தேடல்போதும்

> ஒரு வேலைக்கு ஒரு ஃபோல்டர்

சரி, ஒப்புக்கொள்கிறேன், படங்களோடு லிங்க் இருக்கும் வேலையில் ஒரே இடத்தில் கொட்டுவது ஆகாது. ஆனால் ஃபோல்டரின் அடிப்படைக் குறை ஒன்று அப்படியே இருக்கிறது. ஜவுளிக்கடைக்காரர் மகள் கல்யாணம் என்றால் அது விசேஷமா, நிரந்தர பார்ட்டியா? ஒரு ஃபைல் ஓரிடத்தில்தான் இருக்க முடியும் என்பதே கட்டுப்பாடு. முன்பு கூகுள் டிரைவில் ஒரே ஃபைலை இரண்டு மூன்று ஃபோல்டரில் வைக்க முடிந்தது, 2020இல் அதை நிறுத்திவிட்டு ஷார்ட்கட் முறைக்கு மாற்றினார்கள். எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

வைகைக்கரை

அவர்கள் நிறுத்தியதில் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு ஃபைல் இரண்டு ஃபோல்டரில் தெரிந்தால், ஓரிடத்தில் அழிப்பவருக்கு அது இன்னோர் இடத்திலும் போகும் என்று புரியாது. கடையில் இரண்டு பேர் வேலை பார்க்கும் இடத்தில் அது ஆபத்து.

ஜவுளிக்கடைக்காரர் மகள் கல்யாணம் விசேஷத்தில்தான் போகும், காரணம் தேதி கேட்டுத்தான் தேடுவீர்கள். அவர் ஃபோல்டரில் ஒரு ஷார்ட்கட் வைத்துவிடுங்கள், முடிந்தது. எந்த வழியாக நுழைந்தாலும் அசல் ஒன்றுதான். வேலை ஃபைலுக்கு இப்படி இரண்டாவது நகல் மட்டும் எடுக்கவே கூடாது, இரண்டு நகலில் ஒன்று திருத்தப்படும், மற்றது திருத்தப்படாது.

யாழ்வாணி

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், இங்கே ஊர்ச் சங்க மலர்களும் நினைவு மலர்களும் வடிவமைக்கிறேன். கல்வெட்டு என்று சொல்லுவோம், இறந்தவரின் அந்தியேட்டி நாளுக்கு அடிக்கிற சிறு நூல். அதில் தேவாரம், குடும்ப விபரம், உறவினர் பெயர்கள் எல்லாம் வரும். பத்து வருடம் கழித்து அதே குடும்பத்தில் இன்னொருவர் தவறும்போது முன்னையதைக் கேட்டு வருவார்கள். அந்த நேரத்தில் ஆட்களை நிற்க வைத்துத் தேட மனம் வராது, எனவே எனக்கு இந்த விடயம் மிகவும் முக்கியம்.

ஃபோல்டரும் பெயரும் பற்றி ஐயா சொன்னது எல்லாம் சரி. நான் சொல்ல வந்தது உள்ளே இருக்கிற எழுத்தைப் பற்றி. பாமினி எழுத்துருவில் அடித்த எந்தக் கோப்பையும் உள்ளடக்கத்தை வைத்துத் தேட முடியாது. திரையில் தமிழாகத் தெரிவது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அங்கேயும் செந்தமிழ், வானவில் மாதிரி எழுத்துருக்கள் பாவிக்கிறவர்களுக்கு இதே நிலைமை இருக்கும்.

நான் செய்கிறது இது. ஒவ்வொரு வேலையின் உறைக்குள்ளும் "மேட்டர்" என்ற பெயரில் சாதாரண உரைக் கோப்பு ஒன்று இருக்கும், நோட்பேடில் திறக்கக்கூடியது, முழுக்க யூனிகோடில். ஆட்கள் இப்போது வாட்ஸ்அப்பில் யூனிகோடில்தானே அனுப்புகிறார்கள், அதை அப்படியே அதில் ஒட்டிச் சேமித்துவிட்டுத்தான் எழுத்துருவுக்கு மாற்றுவேன். பிழை திருத்தம் வந்தால் அதிலும் திருத்துவேன். இதனால் ஒரு பேரப்பிள்ளையின் பெயரை மட்டும் தெரிந்தாலும் தேடி எடுத்துவிடலாம், அந்தப் பெயர் எந்தக் கோப்பின் தலைப்பிலும் இல்லாவிட்டாலும்கூட. அதோடு எந்த எழுத்துரு, என்ன தாள், எத்தனை பிரதி, எந்த அச்சகம் என்ற விபரத்தையும் அதன் அடியில் நாலு வரியில் எழுதி வைப்பேன்.

வைகைக்கரை

அம்மா, அருமையான யோசனை. "எழுத்து", "பிரஸ்" இரண்டோடு இந்த மேட்டர் ஃபைலும் சேர்ந்தால் முழுமை. மகனிடம் சொல்லிவிட்டேன்.

தேடல்போதும்

யாழ்வாணி அக்கா சொன்னது எனக்கும் உடன்பாடு. கரிசல்மண், அந்தப் புதிய ஃபோல்டரை மட்டும் விண்டோஸ் தேடல் அமைப்பில் இண்டெக்ஸிங் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். மேட்டர் ஃபைலுக்குள் இருக்கும் எழுத்தையும் சேர்த்துத் தேடும். பெயருக்கு எவ்ரிதிங், உள்ளடக்கத்துக்கு அது.

பென்குயின்_ராசா

ஃபோல்டர் பெயரைத் தமிழில் வைக்கச் சொல்கிறீர்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் தமிழில் வைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 குறியீடு வரை இடம் உண்டு. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் இ.எக்ஸ்.டி.4 அமைப்பில் 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். கோவில்பட்டி என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் அது 11 குறியீடு, ஏனென்றால் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். அதாவது 33 பைட். மணமக்கள் பெயர், ஊர், மண்டபம் எல்லாம் சேர்த்து நீளமாகத் தமிழில் வைத்தால் விண்டோஸில் ஏற்றுக்கொள்ளும். பேக்கப் எடுக்கப் பயன்படும் என்.ஏ.எஸ் பெட்டிகள் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டிகள்) பெரும்பாலும் உள்ளே லினக்ஸ்தான், அங்கே காப்பி ஆகும்போது அந்த ஒரு ஃபைல் மட்டும் விழாமல் போகும். விண்டோஸிலும் முழுப் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் பல மென்பொருள்கள் திறக்க மறுக்கும். விண்டோஸ் 10இல் இந்த வரம்பை நீக்க 2016இலேயே வழி வந்துவிட்டது, ஆனால் மென்பொருளும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும், பழைய கோரல் பதிப்புகளை நம்ப முடியாது.

இன்னொன்று. கொ, கோ, கௌ இவற்றை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் "கோயில் கொடை" என்று இரண்டு ஃபோல்டர் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், ஒன்றைத் தேடினால் மற்றது வராது. பழைய மேக் கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஃபைல்களில் இது அதிகம்.

வரிசையும் இருக்கிறது. யூனிகோடில் ன எழுத்து ந எழுத்தை அடுத்தும், ற எழுத்து ர எழுத்தை அடுத்தும் உட்கார்ந்திருக்கின்றன. குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளில் "மனை" முதலிலும் "மயில்" பிறகும் வரும், நம் அகராதி வரிசையில் மயில்தான் முதலில். தேதி முன்னால் இருந்தால் இந்தச் சிக்கல் வராது, அதனால் வைகைக்கரை ஐயா சொன்ன முறை தமிழுக்கு இன்னும் பொருத்தம்.

வைகைக்கரை

தம்பி, டாஸ் காலத்தில் எட்டு எழுத்தில் பெயர், பின்னால் மூன்று எழுத்து, அதுவும் ஆங்கிலத்தில்தான் என்று திண்டாடினோம். நீளப் பெயர் விண்டோஸ் 95இல்தான் வந்தது. தமிழில் வைக்க முடிகிற காலத்தில் தமிழில் வைப்பதை விட மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்னபடி பெயரைச் சுருக்கமாக வைக்கலாம், மண்டபம் முகவரி எல்லாம் மேட்டர் ஃபைலில் இருக்கட்டும்.

ஸ்டூடியோ_மலர்

திருநெல்வேலியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். போட்டோ பற்றி மட்டும் சொல்கிறேன்.

பார்ட்டியிடம் போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள், டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும், ஃபிளெக்ஸில் முகம் உடையும். அத்தோடு எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாம் போய்விடும். ஃபைல் பெயரில் தெரிகிற தேதி வாட்ஸ்அப்பில் வந்த தேதி, படம் எடுத்த தேதி இல்லை. அதை நம்பி வருட வாரியாகப் போட்டோவை அடுக்கினால் தாத்தாவின் பழைய படமும் இந்த வருடத்தில் போய் நிற்கும்.

வந்தவுடனே பெயரை மாற்றி வேலைக்குள் போட்டுவிடுங்கள். "மணமகன் அசல்", "மணமகன் பேக்ரவுண்ட் எடுத்தது" என்று இரண்டு போதும். அசலின் மேல் எதையும் சேமிக்கக் கூடாது. டவுன்லோடு ஃபோல்டரில் ஒரு நாளைக்கு மேல் எந்தப் படமும் கிடக்கக் கூடாது, ஏனென்றால் அடுத்த நாள் அது யார் முகம் என்று யாருக்கும் தெரியாது.

யாழ்வாணி

கரிசல்மண், நீங்கள் ஸ்கேனும் நகலும் எடுக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆட்களின் அடையாள அட்டைகள், காணி உறுதிகள், சான்றிதழ்கள் எல்லாம் உங்கள் கணினியில் தங்கிப்போகின்றனவா?

கரிசல்மண்

ஆமாம் அக்கா, நிறைய இருக்கின்றன. ஆதார், ரேஷன் கார்டு, மார்க் ஷீட், பட்டா எல்லாம் "ஸ்கேன்" என்ற ஃபோல்டரில் எண் போட்டுக் கிடக்கின்றன. திரும்பக் கேட்டால் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறோம்.

சிவகாசி_ஆஃப்செட்

தம்பி, அதை வைத்திருக்காதீர்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிவிட்டது. சட்டத்தை விடுங்கள், ஊர்க்காரர்கள் நம்பிக் கொடுத்த காகிதம் அது. கடை கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் பென்டிரைவ் செருகுகிறார்கள். எவனோ ஒருவன் அந்த ஆதாரை வைத்து சிம் வாங்கினான் என்றால் அலைவது அந்தப் பெரியவர்தான்.

"இன்று" என்று டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர் வையுங்கள். ஸ்கேனர் சேமிக்கும் இடமாக அதையே அமைத்துவிடுங்கள், மெயிலில் வந்து பிரிண்ட் எடுப்பதும் அதற்குள்ளேயே. கடை அடைக்கும்போது அதைக் காலி செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டுத்தான் ஷட்டரை இழுக்க வேண்டும். டிசைனர் தங்கச்சிக்கும் அதையே பழக்குங்கள்.

கரிசல்மண்

சரி அண்ணே. இன்றைக்கே அந்த ஸ்கேன் ஃபோல்டரை முழுக்க அழித்துவிடுகிறேன், யாராவது கேட்டால் மறுபடி எடுத்துக் கொடுக்கலாம்.

பேக்கப் எப்படி வைப்பது? ஒரு டெராபைட் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று இருக்கிறது.

பென்குயின்_ராசா

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று கடைக்கு வெளியே. எல்லோரும் சொல்கிற கணக்குதான், கடைக்கும் அது பொருந்தும். கம்ப்யூட்டரில் இருப்பது ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, மூன்றாவதை வீட்டில் வையுங்கள். டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே வைக்காதீர்கள், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். கூகுள் டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபிக்குள் எல்லா வேலையும் அடங்காது, ஆனால் மேட்டர் ஃபைல்களும் பிடிஎஃப்களும் அடங்கலாம்.

அந்த டிஸ்க் எந்த ஃபார்மட் என்று பாருங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபியை எட்டும் ஒற்றை ஃபைலை ஏற்காது, பெரிய ஃபிளெக்ஸ் டிசைனில் அது இடிக்கும். விண்டோஸுக்கு மட்டும் என்றால் என்.டி.எஃப்.எஸ், மேக்கிலும் செருக வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். மாற்றினால் உள்ளே இருப்பது அழியும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

கரிசல்மண்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் நன்றி. ஆடி மாதம் கல்யாண வேலை இல்லாததால் உட்கார்ந்து செய்ய முடிந்தது. இப்போது இருப்பதைச் சொல்கிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள்.

டி டிரைவில் பழைய ஐந்து ஃபோல்டரையும் "பழசு" என்ற ஒன்றுக்குள் போடலாமா என்று யோசித்தேன், லிங்க் அறுந்துவிடும் என்பதால் தொடவில்லை. புதிதாக "1 விசேஷம்", "2 நிரந்தர பார்ட்டி", "3 சில்லறை வேலை". விசேஷத்துக்குள் வருடம், அதற்குள் தேதியோடு வேலை. ஒரு காலி மாதிரி ஃபோல்டர் செய்து வைத்திருக்கிறேன், அதில் எழுத்து, பிரஸ், போட்டோ, ஒரு காலி மேட்டர் ஃபைல் எல்லாம் இருக்கும். வேலை வந்தவுடன் அதைக் காப்பி எடுத்துப் பெயர் மாற்றுகிறோம். டிசைனர் தங்கச்சி முதலில் இது கூடுதல் வேலை என்று சொன்னாள். ஆவணி முகூர்த்தத்தில் ஒரே நாளில் ஏழு பத்திரிகை வந்தபோது அவளே எல்லாவற்றுக்கும் ஃபோல்டர் போட்டுவிட்டுத்தான் டிசைனில் உட்கார்ந்தாள்.

இரண்டு சந்தேகம். கோயில் கொடை நோட்டீஸ் வருடா வருடம் அதே மேட்டர்தான், தேதியும் உபயதாரர் பெயரும் மாறும். போன வருட ஃபைலைத் திறந்து மாற்றுவதா, புதிதாகவா? இன்னொன்று, கோரல் ஒவ்வொரு ஃபைலுக்கும் பேக்கப் என்று இன்னொன்று போடுகிறது, அது குவிகிறது.

வைகைக்கரை

நன்றாக வந்திருக்கிறது தம்பி.

கொடை நோட்டீஸுக்குப் போன வருட ஃபோல்டரை முழுதாகக் காப்பி எடுத்து, பெயரை இந்த வருடமாக மாற்றி, முதல் வேலையாகப் பிரஸ் ஃபோல்டரைக் காலி செய்யுங்கள். அப்புறம்தான் எழுத்தில் கைவைக்க வேண்டும். பழைய ஃபைலைத் திறந்து "சேவ் ஆஸ்" போடலாம் என்று இருந்தால் அவசரத்தில் கை நேராக சேவ் அழுத்திவிடும், போன வருட நோட்டீஸ் போய்விடும். கமிட்டிக்காரர்கள் போன வருட உபயதாரர் பட்டியலை எப்படியும் கேட்பார்கள், யார் பெயர் விட்டுப்போனது என்று சண்டை வரும் இடம் அது.

கோரல் பேக்கப்பை வேலை நடக்கும்போது அழிக்காதீர்கள், மின்சாரம் போனால் அதுதான் காப்பாற்றும். டெலிவரி கொடுத்து பாக்கிப் பணம் வாங்கிய பிறகு அந்த வேலை ஃபோல்டரில் இருப்பதை அழித்துவிடலாம். கோரல் புதிய பதிப்புக்கு மாறினீர்கள் என்றால், பிரஸ்காரரிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று கேட்டு அதற்கு ஏற்பக் கீழ்ப் பதிப்பில் சேமித்து அனுப்புங்கள், புதியதில் சேமித்தது பழையதில் திறக்காது.

கரிசல்மண்

கடைசியாக ஒன்று அண்ணே. "3 சில்லறை வேலை"யில் தங்கச்சி ஆரம்பத்தில் நாள், மாதம், வருடம் என்று போட்டுவிட்டாள். ஒவ்வொன்றாக மாற்றாமல் மொத்தமாக மாற்ற வழி இருக்கிறதா?

தேடல்போதும்

இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் இலவசம், அதில் பவர்ரீநேம் என்று ஒன்று வரும். ஃபோல்டர்களைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் அதிலேயே இருக்கும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற தேடல் சூத்திரம் வைத்துத் தேதியைத் திருப்பலாம், பெயர்கள் எப்படி இருக்கின்றன என்று நாலைந்தை இங்கே போடுங்கள், சூத்திரத்தை எழுதித் தருகிறேன். மாற்றுவதற்கு முன் பழைய பெயரையும் புதிய பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும், அதை முழுக்கப் படித்துவிட்டு அப்ளை கொடுங்கள். பேஜ்மேக்கர் வேலை இருக்கும் ஃபோல்டர்களை மட்டும் தேர்வில் சேர்க்காதீர்கள், பெயர் மாறினாலும் பாதை மாறியதுதான்.

கரிசல்மண்

சில்லறையில் பேஜ்மேக்கர் எதுவும் இல்லை, பில் புக்கும் விசிட்டிங் கார்டும்தான். இன்று இரவு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிட்டு, நாளை காலை பெயர்களை இங்கே போடுகிறேன்.